பள்ளி உடைச் செலவு: பங்குனியிலேயே செய்ய வேண்டிய ஏற்பாடு

ஆண்டுதோறும் தவறாமல் வரும் செலவை எதிர்பாராத செலவு என்று சொல்லுதல் பொருந்தாது. தீபாவளி ஐப்பசியில் வரும் என்பதை நாம் அறிவோம். கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் என்பதையும் அறிவோம். ஆயினும் வைகாசி மாதத்தின் கடைசி வாரம் வந்த பின்னரே பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் சட்டையை எடுத்து அளவு பார்ப்பது நம்மில் பலருடைய வழக்கமாக இருக்கிறது. சென்ற ஆண்டுச் சட்டை தோளில் பிடிக்கிறது. கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. கையிலோ பணம் இல்லை. அந்த ஒரு வாரத்து அவசரத்தில் வாங்கும் துணியும், அதற்காகப் படும் கடனும் குடும்பத்தைப் பல மாதங்கள் அழுத்துகின்றன.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் பணியில் உள்ளவன் என்ற முறையில், இச்செலவைக் குறைப்பதற்குத் தனிக் குடும்பம் செய்யக்கூடியது எது, சங்கமாகக் கூடிச் செய்யக்கூடியது எது என்பதை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பணம் உள்ள காலமும் செலவு வரும் காலமும்

கீழப்பாவூர் வட்டாரத்தில் குடும்பத்தின் கையில் பணம் புரளும் காலம் எது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நெற்பயிர் செய்வோருக்குப் பிசான அறுவடை முடிந்து மாசி, பங்குனி மாதங்களில் பணம் வருகிறது. காய்கறி பயிரிடுவோர்க்குப் பாவூர்சத்திரம் சந்தையில் விலை ஏறும்போது வருமானம் உண்டு. விலை இறங்கினால் பறிகூலிக்கும் கட்டுவதில்லை. பீடி சுற்றும் பெண்களுக்கு வாரக் கூலி. கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கங்களில் உள்ள நெசவாளர்களுக்கோ, நூல் கிடைத்து, நெய்த துணி விற்று வரும் வேகத்தைப் பொறுத்துக் கூலி.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. ஜூன் மாதம் எவர்க்கும் பணம் வரும் மாதம் அன்று. பயிர் செய்வோர் கார் சாகுபடிக்கு விதையும் உரமும் வாங்க வேண்டிய நேரம் அது. உழவுக் கூலியும் புத்தகச் செலவும் உடைச் செலவும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. சங்கத்திற்கு நகைக் கடன் கேட்டு வருவோரிலும் பள்ளிச் செலவைக் காரணமாகக் கூறுவோர் உண்டு. அங்கே வருபவர் பாதுகாப்பான இடத்திற்கு வருகிறார். வெளியில் மாத வட்டிக்கு வாங்குபவர் நிலையே கவலைக்குரியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகளுக்கு உடை எடுக்கவும் தைக்கவும் 4,000 ரூபாய் ஆகிறது என்று எடுத்துக்காட்டிற்காக வைத்துக்கொள்வோம். இத்தொகையை நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் வாங்கி ஆறு மாதம் கழித்துத் திருப்பினால் வட்டி மட்டும் 1,200 ரூபாய். இன்னொரு குடும்பம் வாரம் 80 ரூபாய் ஒதுக்கி வந்தால் ஐம்பது வாரத்தில் அதே 4,000 ரூபாய் சேர்ந்துவிடும். முதற் குடும்பம் 5,200 ரூபாய்க்கு வாங்கிய துணியை இரண்டாம் குடும்பம் 4,000 ரூபாய்க்கு வாங்குகிறது. கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் இந்த 1,200 ரூபாய்க்கு ஈடாவது அரிது. ஆகவே உடைச் சிக்கனத்தில் முதற்படி கடையில் தொடங்குவதன்று. கடன் இல்லாமல் கடைக்குப் போவதே முதற்படி. வீட்டு வாசலில் வந்து தவணைக்குத் துணி கொடுப்பவரிடம் வாங்குவோர், ரொக்க விலை எவ்வளவு, தவணை விலை எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டால் உண்மை தானே விளங்கும்.

அரசு தரும் உடையும் ஒன்பதாம் வகுப்பும்

நம் மாநிலத்தில் பிள்ளைகளின் பசியும் உடையும் பொதுப் பொறுப்பு என்ற எண்ணம் பழமையானது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர் மக்களின் நன்கொடையைத் திரட்டும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் நடைபெற்றன. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கும் முயற்சியும் அவ்வாண்டுகளில் எழுந்தது. வேற்றுமையான உடையால் ஏழைப்பிள்ளை வகுப்பில் ஒதுங்கி நிற்கக்கூடாது என்பதே சீருடையின் நோக்கம்.

1985ஆம் ஆண்டில் இலவசச் சீருடைத் திட்டம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு இணைக்கப்பட்டது. சங்கங்கள் துணி நெய்தன. அத்துணி சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்குச் சீருடையாயிற்று. நெசவாளர்க்கு வேலை, பிள்ளைக்கு உடை என்ற இரட்டைப் பயன் அதன் கருத்து. இன்று இத்துணியில் பெரும்பகுதி விசைத்தறிச் சங்கங்களில் உற்பத்தியாகிறது. தைப்பது மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள். 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை உடை என்ற ஏற்பாடு வந்தது.

ஆகவே அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பிள்ளையைச் சேர்த்துள்ள அங்கத்தினர்கள், சத்துணவுத் திட்டத்தில் பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கொடுக்கும் அளவில் பிழை இருந்தால் உடனே ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். நான்கு இணைகளும் ஒரே நாளில் கைக்கு வரும் என்று எண்ணாமல், இடைக்காலத்திற்கு ஒரு பழைய இணையைச் சீர்செய்து வைப்பது நல்லது. கிடைக்கும் உடை இருக்க, அதே நிறத்தில் மேலும் இரண்டு இணை கடையில் வாங்குவது வீண்செலவு.

இத்திட்டம் எட்டாம் வகுப்பு வரையில்தான். ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் உடைச் செலவு முழுவதும் பெற்றோர் தலையில் விழுகிறது. பிள்ளை வேகமாக வளரும் பருவமும் அதுவே. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓர் ஆண்பிள்ளை ஓராண்டில் 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயர்ந்துவிடக்கூடும். பெண்பிள்ளைக்கு அவ்வளர்ச்சி சற்று முந்தியே வந்துவிடுகிறது. துணி அதிகம் வேண்டும். தையற்கூலி பெரியவர் அளவுக்கு ஆகிறது. தன் தோற்றத்தைப் பற்றிய கூச்சமும் அவ்வயதில் மிகுதி. கிழிந்த உடையோடு செல்ல நாணி ‘இன்று போகவில்லை’ என்று தொடங்கும் பிள்ளை, நாளடைவில் பள்ளியையே விட்டுவிட இடமுண்டு. வயலில் ஆள் வேண்டும், வீட்டில் பீடி சுற்றக் கை வேண்டும் என்ற நெருக்கடி உள்ள குடும்பத்தில் அந்தச் சிறு காரணமே போதும். எட்டாம் வகுப்பில் பிள்ளை உள்ள ஒவ்வோர் அங்கத்தினரும் அவ்வாண்டிலிருந்தே அடுத்த ஆண்டின் உடைக்குச் சேமிக்கத் தொடங்குவது மிக அவசியம்.

துணி வாங்கும் முறை

துணியின் விலையை மீட்டர் கணக்கில் மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். அகலத்தை, அதாவது கடைக்காரர் சொல்லும் பன்னாவை, கேட்டறிய வேண்டும். 36 அங்குலப் பன்னாத் துணி மீட்டர் 100 ரூபாய், 58 அங்குலப் பன்னாத் துணி மீட்டர் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு முதலாவது மலிவு. ஆனால் 58 அங்குலத் துணியின் ஒரு மீட்டரில் உள்ள பரப்பை 36 அங்குலத் துணியில் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 161 ரூபாய் ஆகும். 150 ரூபாய்த் துணியே மலிவு. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நிறமானால் சேர்த்து வெட்டுவதில் துண்டு விழுவதும் குறையும்.

துணியின் உறுதியைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் உண்டு. நெசவாளர்கள் இவற்றை நன்கு அறிவர், மற்றவர்களும் தெரிந்துகொள்ளலாம். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பாவும் ஊடையும் ஒரே நெருக்கமாக இருக்கின்றனவா என்பது தெரியும். இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் வெண்பொடி உதிருமானால் கஞ்சி மிகுதி; ஒரு சலவையில் துணி தளர்ந்துவிடும். நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது விளங்கும். நகத்தால் இழைகளை ஒருபுறம் தள்ளிப் பார்த்து, இழை எளிதில் விலகினால் அத்துணி தையல் ஓரத்தில் பிரிந்துவிடும் என்று அறியலாம்.

கைத்தறித் துணியே எல்லாவற்றிற்கும் ஏற்றது என்று நெசவாளர்க்கு உரிய இதழில் எழுதுவது எளிது. அது அங்கத்தினரின் பணத்திற்கு நியாயம் செய்வதாகாது. பள்ளிகள் கேட்கும் நிறத்தில் கிடைக்கும் சீருடைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்ததாகவே உள்ளது. அது கசங்குவதும் சுருங்குவதும் குறைவு, விரைவில் உலர்கிறது. ஆனால் பிள்ளையின் உடைச் செலவு சீருடையோடு முடிவதில்லை. உள்பாவாடை, துண்டு, வீட்டில் உடுத்தும் உடை, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் போர்வை, வளர்ந்த பையனின் வேட்டியும் லுங்கியும் ஆகிய இவையெல்லாம் பருத்தியில் இருப்பதே உடலுக்கு நல்லது. வியர்வையை உறிஞ்சும், வேர்க்குருவைத் தணிக்கும். இவற்றை நெசவாளர் சங்கத்தில் வாங்கினால் நெய்தவர்க்கும் பயன், உடுத்துபவர்க்கும் பயன். 1935ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இன்று கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரால் விளங்கும் நம் தலைமைச் சங்கம் பண்டிகைக் காலங்களில் கொடுக்கும் தள்ளுபடியையும், அதன் மாதச் சேமிப்புத் திட்டத்தையும் பயன்படுத்தினால் விலை இன்னும் இறங்கும். தள்ளுபடி தீபாவளியை ஒட்டி வருவதால், அளவு பார்த்துத் தைக்க வேண்டாத துண்டு, போர்வை, வேட்டி முதலியவற்றை அப்போதே வாங்கி வைக்கலாம். சீருடைத் துணியை மட்டும் அவ்வளவு முன்னதாக வாங்குதல் கூடாது. வகுப்பு உயரும்போது நிறமும் வகையும் மாறக்கூடும்; பள்ளியில் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

தைப்பதிலும் துவைப்பதிலும் சிக்கனம்

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். சுருங்க வேண்டியது முன்னரே சுருங்கிவிடும். தையற்காரரிடம் மூன்று சொற்களைச் சொல்ல மறவாதீர்கள். கால்சட்டையின் அடியிலும் பாவாடையின் அடியிலும் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பக்கத் தையல்களில் ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். அக்குளிலும் கால்சட்டை இருக்கையிலும் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். இம்மூன்றும் இருந்தால் இவ்வாண்டு உடை பிள்ளையோடு சேர்ந்து அடுத்த ஆண்டும் வளரும். வெட்டி எஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதே நிறத்து ஒட்டுக்கு வேறெங்கும் துணி கிடைக்காது. ‘வளர்வான்’ என்று எண்ணி இரண்டு அளவு பெரிதாகத் தைப்பது மட்டும் சிக்கனம் ஆகாது. தொளதொளவென்ற உடை ஓரிடத்தில் மாட்டிக் கிழியும். பிள்ளையும் அதை விரும்பி உடுத்தாது.

சட்டையில் முதலில் நைவது கழுத்துப்பட்டை. மற்றப் பகுதி நன்றாயிருக்க, பட்டை நைந்ததென்று சட்டையைக் கழித்துவிடுகிறோம். பட்டையைப் பிரித்து, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பித் தைத்தால் சட்டை இன்னும் பல மாதம் உழைக்கும். முன்னாள் தையற்காரர் எல்லோரும் இதைச் செய்தனர். இன்றும் கேட்டால் செய்து கொடுப்பார்கள். பித்தான் விழுந்த அன்றே தைத்துவிட்டால் காஜா கிழியாது.

நம் பகுதிக்கு உரிய தொல்லை ஒன்று உண்டு. பள்ளி திறக்கும் வேளையில்தான் குற்றாலத்துச் சாரலும் தொடங்குகிறது. மலையை ஒட்டிய ஊர்களில் வானம் நாள் முழுதும் மூடிக்கிடக்கும். துவைத்த உடை மறுநாள் காலையிலும் ஈரமாக இருக்கும். இதனாலேயே சில பெற்றோர் ஒரு பிள்ளைக்கு நான்கு, ஐந்து இணை வாங்குகின்றனர். அதற்குத் தேவையில்லை. பிள்ளை வீடு திரும்பியதும் சீருடையைக் களைந்து வேறு உடை உடுத்துவதும், அன்றன்றே அலசுவதும், பிழிந்த உடையை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை வாங்கிவிட்டுக் காற்று வரும் தாழ்வாரத்தில் விரித்துப் போடுவதும் பழக்கமானால் மூன்று இணை போதும். வெயில் உள்ள நாளில் உட்புறம் வெளியே தெரிய உலர்த்தினால் நிறம் மங்காது. ஈரமாய் மடித்து வைத்த உடையில் கரும்புள்ளி விழும். அது எச்சலவைக்கும் போகாது.

சங்கம் செய்யத் தக்கது

இதுவரை கூறியவை தனிக் குடும்பத்தின் வேலை. கூட்டாகச் செய்தால் இதன் பயன் இன்னும் கூடும்.

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு பண்டகசாலை திறந்த வரலாற்றை நம் அங்கத்தினர் பலர் கேட்டிருப்பர். அவர்களிற் பலர் நெசவாளர். வாரம் சில பென்னி வீதம் சேர்த்த பணத்தில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வாங்கி விற்றனர். கடனுக்கு விற்பதில்லை என்று உறுதி பூண்டனர். இலாபத்தை வாங்கியவரின் கொள்முதல் அளவுக்கு ஏற்பப் பங்கிட்டனர். அவர்களிடம் பெரும் முதல் இல்லை. சிறிய தொகையை ஒழுங்காகச் சேர்த்து, ரொக்கமாக, ஒன்றாக வாங்கியதே அவர்களுடைய பலம். பள்ளி உடைக்கும் அம்முறையே பொருந்தும்.

ஐம்பது குடும்பங்கள் ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் சேர்த்தால் 2,00,000 ரூபாய் ஆகிறது. ஒரு தாய் இரண்டு மீட்டர் துணிக்குப் பேரம் பேசுவதும், 2,00,000 ரூபாய் ரொக்கத்தோடு ஒரு சங்கம் மொத்த விலை கேட்பதும் ஒன்றாகா. இதற்கான ஒழுங்கு பின்வருமாறு அமையலாம்.

முதலாவது, துணைவிதி இடங்கொடுக்கும் முறையில் நிருவாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிப் பள்ளி உடைச் சேமிப்புக்கெனத் தனிப் பேரேடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்து, சேர்ந்த பணத்தை மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட வேண்டும். வாரக் கூலி பெறுவோர் வாரந்தோறும், பயிர் செய்வோர் பிசான அறுவடை முடிந்ததும் ஒரே தொகையாகவும் செலுத்தலாம்.

இரண்டாவது, பங்குனி மாதத்தில் எந்தப் பிள்ளை, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்த நிறம், என்ன அளவு என்ற பட்டியல் தயாரிக்க வேண்டும். இலவசச் சீருடை பெறும் பிள்ளைகளைத் தனியே குறித்தால் தேவையற்ற கொள்முதல் தானே நீங்கும்.

மூன்றாவது, சித்திரையில் குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெற வேண்டும். துணியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெண் அங்கத்தினர் இருவரேனும் இருத்தல் வேண்டும். உடையைத் துவைப்பவர்க்கும் ஒட்டுப் போடுபவர்க்கும்தான் துணியின் குணம் தெரியும். தையல் வேலையை மகளிர் தையற் சங்கத்திற்குக் கொடுத்தால் அந்தக் கூலியும் நம்மவர்க்கே சேரும்.

நான்காவது, கடனுக்கு விற்றல் அறவே கூடாது. ஒருவர்க்கு இரங்கிக் கடன் கொடுத்தால் அடுத்த ஆண்டு ஐம்பது பேருடைய ஏற்பாடு முறிந்துவிடும். மிக வறிய குடும்பத்திற்கு உதவ விரும்பினால் அதற்கெனப் பொது நன்கொடை திரட்டி, அதனைக் கணக்கில் வெளிப்படையாகக் காட்டிக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, மே மாதக் கடைசியில் ஒரு நாளை உடைப் பரிமாற்ற நாளாக வைக்கலாம். பிள்ளைக்குச் சிறிதாகிப்போன, ஆனால் கிழியாத சீருடையைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்து, தமக்கு வேண்டிய அளவை எடுத்துச் செல்வது. பழைய உடையை வாங்குவது இழிவு என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. அண்ணன் சட்டையைத் தம்பி போடாத வீடு நம் ஊரில் எது? சங்கத்தை ஒரு பெரிய குடும்பமாகக் கருதினால் கூச்சத்திற்கு இடமில்லை. செல்வ நாடாகிய இங்கிலாந்திலேயே 2021ஆம் ஆண்டில் சீருடைச் செலவைக் குறைக்கவென்று ஒரு சட்டம் இயற்றி, உடுத்திய சீருடைகள் பெற்றோர்க்குக் கிடைக்குமாறு பள்ளிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வழிகாட்டியிருக்கின்றனர். வகுப்பும் அளவும் எழுதிய சீட்டை மட்டும் ஒட்டி, கொடுத்தவர் பெயரை எழுதாமல் வைத்தால் பிள்ளைகளிடையே பேச்சும் எழாது.

குறித்த கடையில்தான் வாங்க வேண்டும் என்று ஒரு பள்ளி சொல்லுமானால், பெற்றோர் தனித்தனியே மனம் புழுங்குவதைவிட, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒன்றுகூடி, அதே நிறமும் தரமும் உள்ள துணியை வெளியில் வாங்க இசைவு கேட்கலாம். பட்டியலும் மாதிரித் துணியும் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்கும் கோரிக்கைக்கு மதிப்பு உண்டு.

அங்கத்தினர்களே, இவற்றில் பெரிய முதலீடு வேண்டுவது ஒன்றுமில்லை. வேண்டுவது முன்யோசனையும் ஒழுங்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துமேட்டுக்கு மட்டும் உரிய மொழியன்று. பிசானப் பணம் கையில் உள்ள பங்குனிக்கும் உரியது. பிறர் பிள்ளைகளுக்குத் துணி நெய்யும் நெசவாளரும், பிறர் பிள்ளைகளுக்கு நெல் விளைவிக்கும் உழவரும் தம் பிள்ளையின் பள்ளிச் சட்டைக்காக வட்டிக்குக் கை நீட்டும் நிலை நீங்க வேண்டும். அடுத்த நிருவாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் பள்ளி உடைச் சேமிப்பு என்பதை ஓர் இனமாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத் தலைவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளின் பெயர்களிலிருந்து பட்டியலைத் தொடங்குங்கள்.